பன்னீர் ரோசாவும் பித்தமும்: ஆயுர்வேதம் ஒரு பூவை மருந்தாகப் பார்க்கும் விதம்

ஆடி மாதத்தில் சோழகக் காற்று புழுதியை வாரியடிக்கும் நாட்களில், வன்னியின் பல வீட்டு வளவுகளில் பசுமை மிஞ்சியிருப்பது கிணற்றடியில் மட்டுந்தான். குளிக்கும் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் ஓடிச் சேரும் அந்த ஈரத்தில் இரண்டு வாழை, ஒரு கறிவேப்பிலை, அவற்றுக்கருகே ஒரு பன்னீர் ரோசா நிற்கும். பூக்கடை ரோசாவைப்போல அது நிமிர்ந்து நிற்பதில்லை. வெளிறிய இளஞ்சிவப்பு நிறமும், நெருங்கி அடுக்கிய மெல்லிய இதழ்களும், தொட்டாலே உதிர்ந்துவிடும் இயல்பும் கொண்டது. காலை ஏழு மணிக்கு அதன் மணம் வேலிவரை வரும். வெயில் ஏறிய பிறகு மூக்கருகே கொண்டுபோனாலும் அதில் பாதிகூட இராது. பெரும்பாலும் சாமிப்படத்துக்குப் போய்விடும் இந்தப் பூவை ஆயுர்வேதம் ஏன் மருந்தென்று கொள்கிறது என்பதை, மருத்துவம் படிக்காதவருக்கும் விளங்கும்படி கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரோசாவின் பயன்கள் என்று வரும் பட்டியல்கள் பெரும்பாலும் முடி முதல் மூட்டுவலி வரை எதையும் விட்டுவைப்பதில்லை. அவற்றை மனப்பாடம் செய்வதால் ஒருவருக்கும் நன்மையில்லை. ஆயுர்வேதம் ரோசாவுக்குக் கூறும் பயன்களிற் பெரும்பகுதி ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. அந்த வேர் பித்தம் என்னும் கருத்து. அதைப் புரிந்துகொண்டால், ரோசா எங்கே உதவும், எங்கே உதவாது, யாருக்கு ஆகாது என்பவற்றை வாசகரே ஓரளவு ஊகித்துவிடலாம்.

இக்கருத்து நமக்குப் புதியதும் அன்று. கணவாயும் நண்டும் சூடு, வெள்ளரிப்பழமும் இளநீரும் குளிர்ச்சி என்று பேசாத வீடு வன்னியில் இல்லை. வெயிலில் நின்று அரிவு வெட்டிவிட்டு வந்தவருக்குக் கண் எரிந்தாலும், வாய் அவிந்தாலும், சலக்கடுப்பு வந்தாலும், "சூடு பிடித்துவிட்டது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். இந்தச் சூடு வெப்பமானியில் அளக்கும் சூடு அன்று என்பதும் நமக்குத் தெரியும். ஆயுர்வேதம் இதனையே சற்று ஒழுங்குபடுத்தி, உடலை இயக்கும் வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றில் நெருப்பின் தன்மையுடையது பித்தம் என்கிறது. உண்டதைச் செரிக்க வைப்பதும், உடற்சூட்டைக் காப்பதும், தோலுக்கு நிறமும் கண்ணுக்கு ஒளியும் தருவதும், அறிவுக்கும் மனத்துணிவுக்கும் துணைநிற்பதும் அதன் வேலைகள். இத்தகைய தொழில்களை வைத்துப் பித்தத்தை ஐந்து வகையாகப் பிரிப்பதில் ஆயுர்வேதமும் நம் சித்த மருத்துவமும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. பித்தம் அளவு மீறினால் அவ்வவ்விடங்களில் எரிவாகவும், புளித்த ஏப்பமாகவும், தோற்சிவப்பாகவும், கண்ணெரிவாகவும், காரணமற்ற கோபமாகவும் அது வெளிப்படும் என்பது கோட்பாடு.

ரோசா குளிர்ச்சி என்று சொல்லும்போது அச்சொல் குறிப்பது பொருளின் வீரியத்தை. அதாவது, உட்சென்ற பின் அது உடலில் விளைவிக்கும் தன்மையை. வேர்க்கொம்புத் தூள் தட்டில் ஆறிக் கிடந்தாலும் அதன் வீரியம் சூடு. ரோசா இதழ் போட்ட நீரைக் கொதிக்கக் கொதிக்கக் குடித்தாலும் அதன் வீரியம் குளிர்ச்சி. சுவையும் இதற்குத் துணைபோகிறது. புளிப்பு, உப்பு, உறைப்பு ஆகிய மூன்றும் பித்தத்தைக் கூட்டும். இனிப்பு, கைப்பு, துவர்ப்பு ஆகிய மூன்றும் அதைத் தணிக்கும். ஒரு பன்னீர் ரோசா இதழைக் கழுவி வாயிலிட்டு மெதுவாக மென்று பார்த்தால் இது நேரே விளங்கும்: முதலில் மெல்லிய இனிப்பு, பின்பு நாக்கின் ஓரங்களை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு, கடைசியில் தொண்டையருகே சிறு கைப்பு. பித்தத்தைத் தணிக்கும் மூன்று சுவைகளும் ஓர் இதழுக்குள் இருக்கின்றன.

16ஆம் நூற்றாண்டில் எழுந்த பாவப்பிரகாசம் என்னும் ஆயுர்வேத நூலின் மருந்துப்பொருட் பகுதியில் ரோசா சதபத்திரி என்ற பெயரில் இடம்பெறுகிறது. நூறிதழ் கொண்டது என்பது அச்சொல்லின் பொருள். தருணி, கந்தாட்டியா, அதிமஞ்சுளா முதலியன அதன் மற்றப் பெயர்கள். குளிர்ச்சியானது, இதயத்துக்கு இதமானது, செரிப்பதற்கு இலகுவானது, மலத்தைக் கட்டுவது, முக்குற்றங்களையும் இரத்தக் கேட்டையும் சீர்செய்வது, நிறம் தருவது, செரிமானத்துக்கு உதவுவது என்று அந்நூல் இதற்குக் குணம் கூறுகிறது. மேனாட்டுத் தாவரவியலாரும் இக்குடும்பத்தின் ஒரு வகைக்கு ரோசா சென்டிஃபோலியா, அதாவது நூறிதழ் ரோசா, என்றே பெயரிட்டிருக்கிறார்கள். பழைய வடமொழி நூல்களைப் படிப்போர் ஓரிடத்தில் கவனமாக இருக்க வேண்டும்: சதபத்திரம் என்ற சொல் தாமரையையும் குறிக்கும்; ஆகவே அச்சொல்லைக் கண்ட இடமெல்லாம் ரோசா என்று கொண்டு, ஆயுர்வேதத்தின் மிகப் பழைய நூல்களிலும் ரோசா இருந்ததாகக் கூறுவது அவசரமாகும்.

இம்மருந்துக்குப் பாரசீக உறவும் உண்டு. குல் என்றால் பாரசீகத்தில் பூ, சிறப்பாக ரோசாப்பூ. கந்து என்றால் கற்கண்டு. இரண்டும் சேர்ந்தது குல்கந்து. குலாப் என்ற சொல்லும் ரோசா நீர் என்ற பொருளில் அங்கிருந்து வந்ததே. கிரேக்க, அரபு மரபில் வளர்ந்த யுனானி மருத்துவத்தின் வழியே இந்தியாவில் பரவிய இப்பண்டங்களை ஆயுர்வேதமும் சித்தமும் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டன. மருத்துவ முறைகளுக்கிடையே சுவர் எழுப்பிப் பேசுவோருக்கு இது நல்ல விடை. இலங்கையிலும் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், ஆயுர்வேதம் என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே சித்தத்தையும் யுனானியையும் நாட்டு வைத்தியத்தையும் அடக்குகிறது. வன்னியில் ஆயுர்வேத வைத்தியசாலை என்று நாம் சொல்லிச் சென்றாலும் அங்கே பெரும்பாலும் சித்த வைத்தியரே இருப்பதன் காரணம் இதனால் ஓரளவு விளங்கும்.

ரோசா மருந்தாகும்போது அது எந்த வடிவில் ஆகிறது என்பதைத் தொடக்க வாசகர்கள் பலர் கவனிப்பதில்லை. ஒரே பூவிலிருந்து வெவ்வேறு மருந்துகள் பிறக்கின்றன. மூடிய கலத்தில் இதழைக் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் கிடைப்பது பன்னீர். அதில் இருப்பது பூவின் மணம். திறந்த சட்டியில் இதழைக் கொதிக்க வைத்து வற்றச்செய்தால் மணம் அடுப்படியெங்கும் போய்விடும். சட்டியில் எஞ்சுவது துவர்ப்பு. சீனியோடு வெயிலில் வைத்தால் இரண்டும் பெருமளவு தங்கிவிடும், அதுவே குல்கந்து. நவீன வேதியியலும் இதற்கு ஒத்த விளக்கம் தருகிறது. பன்னீரின் மணத்துக்கு முக்கிய காரணமான பினைல் எத்தில் அல்ககோல் நீரில் ஓரளவு கரையும். சிட்ரோனெல்லோல், ஜெரானியோல் முதலியவை எண்ணெயாகப் பிரிந்து மிதக்கும். துவர்ப்புக்குக் காரணமான தனின்கள் ஆவியாகாமல் சட்டியிலேயே கிடக்கும்.

ஆகவே வாய் அவிந்தவருக்கும் தொண்டை கரகரப்பவருக்கும் கொப்பளிக்கப் பயன்படுவது கஷாயமே. ஒரு பிடி இதழை இரண்டு குவளை நீரில் இட்டு, ஒரு குவளையாக வற்றவைத்து, வடித்து, ஆறிய பின் கொப்பளிக்கலாம். தனின்கள் மெல்லிய சவ்வைச் சற்று இறுகச்செய்வதால் எரிவு தணிந்ததுபோல இருக்கும். முகத்துக்கும், வேர்க்குரு பொங்கிய கழுத்துக்கும், சந்தனம் குழைப்பதற்கும் ஏற்றது பன்னீர். கண்ணெரிவுக்குப் பஞ்சைப் பன்னீரில் நனைத்து மூடிய இமைமேல் பத்து நிமிடம் வைப்பது இதமளிக்கும். பழைய முறைகளில் கண்ணுக்குள்ளேயே பன்னீர் விடும் வழக்கமும் உண்டெனினும், வீட்டில் வடித்ததையோ கடையில் வாங்கியதையோ அவ்வாறு விடக்கூடாது; கிருமி நீக்கப்படாத எந்த நீரும் கண்ணுக்குள் போகத் தகாதது. வைத்தியர்கள் பன்னீரை இன்னொரு வேலைக்கும் பயன்படுத்துகிறார்கள். முத்து, பவளம் ஆகியவற்றைப் பன்னீர் விட்டு நாட்கணக்கில் அரைத்து, தீயிடாமலே பிஷ்டி என்னும் மென்பொடியாக்குவது ஆயுர்வேத மரபு. பித்தத்தைத் தணிக்கும் அம்மருந்துகளில் நெருப்புப் படக்கூடாது என்பதும், அரைக்கும் நீர்கூடக் குளிர்ச்சியானதாக இருக்க வேண்டும் என்பதும் அதன் கருத்து.

குல்கந்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லலாம். வன்னி வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறில்லை. ஒரு செடி நன்றாகப் பூத்தாலும் நாளுக்கு ஐந்தாறு பூவுக்கு மேல் தராது. ஆகவே ஒரே நாளில் போத்தலை நிரப்ப நினைக்காமல், கிடைப்பதை நாள்தோறும் அடுக்குவதே நடைமுறைக்கு ஏற்றது. பனி உலர்ந்து, வெயில் ஏறுமுன் பூவைப் பறித்து, காம்பையும் பச்சை இதழ்களையும் நீக்கி, கழுவி, வெள்ளைத் துணியில் நிழலில் ஈரம் முழுவதும் போக உலர்த்த வேண்டும். வாயகன்ற கண்ணாடிப் போத்தலில் ஓர் அடுக்கு இதழ், ஓர் அடுக்குப் பொடித்த கற்கண்டு அல்லது சீனி என்று மாறி மாறி இட வேண்டும். இதழின் எடைக்குச் சமமாக இனிப்பு இடுவோரும் உண்டு, இரட்டிப்பாக இடுவோரும் உண்டு. கூடுதலாக இட்டால் கெடுவது குறையும். பிறகு போத்தலின் வாயை மெல்லிய துணியால் கட்டி, எறும்பு ஏறாதபடி தண்ணீர்த் தட்டின் நடுவே வைத்து, காலைமுதல் மாலைவரை வெயிலில் விட்டு, இரவில் உள்ளே எடுக்க வேண்டும். இரண்டாம் நாளே சீனி நீர்விட்டு இதழ்கள் சுருங்கத் தொடங்கும். இரண்டு நாளுக்கொருமுறை உலர்ந்த மரக்கரண்டியால் கிளறிவிட்டால், இளஞ்சிவப்பு மெல்லக் கறுத்து, மூன்று நான்கு கிழமைகளில் பேரீச்சம்பழக் கூழைப்போன்ற நிறமும் பதமும் வந்துவிடும். விரும்பினால் ஏலக்காய்த் தூள் சிறிது சேர்க்கலாம்.

முதன்முறை நான் செய்தது மார்கழியில். மழை விட்டிருந்த ஒரு கிழமையை நம்பி, இதழ்களைச் சரியாக உலர்த்தாமலே அடுக்கினேன். பத்தாம் நாள் மேலடுக்கில் சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. மேலே உள்ளதை அள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அது தவறு, பூஞ்சணம் கண்ட போத்தலை முழுவதும் கொட்டிவிட வேண்டும். அடுத்த முறை பங்குனியில் வைத்தேன், பழுதாகவில்லை.

இரவு படுக்குமுன் ஒரு தேக்கரண்டி குல்கந்தை வெதுவெதுப்பான பாலில் கலந்து குடிப்பது வழக்கமான முறை. உணவுக்குப் பின் நெஞ்சு புளித்து எரிவோருக்கும், உட்சூட்டால் மலம் இறுகியிருப்போருக்கும் இதனை வைத்தியர்கள் கூறுவதுண்டு. இங்கே கவனமான வாசகர் ஒரு முரணைக் காண்பார். பாவப்பிரகாசத்தில் ரோசாவுக்குக் கூறிய குணங்களுள் மலத்தைக் கட்டும் தன்மையும் ஒன்றாக இருக்க, குல்கந்து மலத்தை இளக்கும் என்பது எவ்வாறு பொருந்தும்? யுனானி மருத்துவர்கள் இதற்கு எளிய விடை தருகிறார்கள்: பசிய இதழ் இளக்கும், உலர்ந்த இதழ் கட்டும். பசிய இதழில் இனிப்பும் ஈரமும் மிகுதி. உலர்ந்தபின் எஞ்சுவதில் துவர்ப்பே மேலோங்கும். ஆகவே மலம் இறுகியவருக்குக் குல்கந்தும், வயிறு சற்று இளகியவருக்கு உலர்ந்த இதழின் கஷாயமும் என்று ஒரே பூ எதிரெதிரான இரண்டு வேலைகளைச் செய்கிறது. பெண்களுக்கு ஏற்படும் பெரும்பாட்டிலும் ரோசாவைச் சேர்க்கும் வழக்கம் உண்டு; எனினும் மிகுந்த உதிரப்போக்கு வீட்டு வைத்தியத்துக்கு உரிய விடயம் அன்று, அதற்கு உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

இதயத்துக்கு இதமானது என்ற சொல்லையும் விளங்கிக்கொள்வது நல்லது. ஆயுர்வேதத்தில் அது இன்றைய இதய நோயைக் குறிப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை. மனத்துக்கு உகந்தது, நெஞ்சின் படபடப்பைத் தணிப்பது என்ற பொருளே அதில் மேலோங்கியிருக்கிறது. உணர்ச்சியோடு தொடர்புடைய சாதக பித்தத்தின் இருப்பிடம் இதயம் என்று நூல்கள் கூறுகின்றன. திருமண வாசலில் பன்னீர்ச் செம்போடு ஒருவர் நின்று வருவோர்மேல் தெளிப்பதில், வெயிலில் நடந்து வந்தவரின் முகத்தைக் குளிரச்செய்யும் உபசாரமும் கலந்திருக்கிறது. ரோசா மணம் மனப்பதற்றத்தையும் மாதவிடாய் வலியையும் ஓரளவு குறைப்பதாகக் காட்டும் நவீன ஆய்வுகள் சில உள்ளன. அவை பெரும்பாலும் சிறிய அளவிலானவை என்பதால், அவற்றை வைத்து மாத்திரையை நிறுத்தும் துணிவு யாருக்கும் வேண்டாம்.

பன்னீர் என்ற பெயரில் கடைகளில் விற்பவை எல்லாம் பன்னீர் அல்ல. திருமணத்துக்கென்று மலிவாக விற்கும் போத்தல்களில் பல, நறுமணச் சாறு கலந்த வெறும் தண்ணீரே. ஒருமுறை அவ்வாறு வாங்கிய ஒன்றை முகத்தில் பூசி இரண்டு நாள் தோல் தடித்துக் கிடந்தவர் எங்கள் வீட்டிலேயே உண்டு. ரோசா எண்ணெயைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 3,000 முதல் 4,000 கிலோ இதழ் தேவை; பல்கேரியாவின் கசான்லக், துருக்கியின் இஸ்பார்ட்டா போன்ற இடங்களில் வயல் வயலாகப் பயிரிட்டே அதை எடுக்கிறார்கள். அப்படியிருக்கச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு குப்பியில் என்ன இருக்கும் என்பதை வாசகர் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். சர்பத்திலும் பலூடாவிலும் விடும் செந்நிறப் பாகும் பெரும்பாலும் சீனியும் சாயமுமே. கோவில் திருவிழாவில் தாகம் தீர்க்க அது போதும், மருந்தென்று எண்ணிக் குடிக்க வேண்டாம்.

நல்ல பன்னீர் வேண்டுமாயின் வீட்டிலேயே சிறிதளவு வடிக்கலாம். அகன்ற பானையின் நடுவே கழுவிய கல்லொன்றை வைத்து, அதைச் சுற்றி இதழ்களைப் பரப்பி, இதழ் மூழ்கும் அளவுக்கு நீர் விட்டு, கல்லின்மேல் ஒரு கிண்ணத்தை வைக்க வேண்டும். மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் குழிவில் ஐஸ்கட்டியோ குளிர்நீரோ இட்டு, அடுப்பை மிக மெல்லியதாக எரியவிட்டால், எழும் ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, நடுவிலுள்ள குமிழ் வழியே துளித்துளியாகக் கிண்ணத்தில் விழும். கிண்ணம் அரைவாசி நிரம்பியதும் நிறுத்திவிட வேண்டும்; அதற்குமேல் வருவது வெறும் தண்ணீர். குளிரூட்டியில் வைத்தால் ஒரு கிழமை, பத்து நாள் தாங்கும். வட இந்தியாவின் கன்னோசி நகரில் செப்புக் கலங்களை வைத்து அத்தர் வடிப்போர் செய்வதும் அடிப்படையில் இதையே. அவர்கள் ஆவியைக் குழாய் வழியே தண்ணீரில் அமிழ்த்திய இன்னொரு கலத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

எதற்கும் பயன்படுத்தும் பூ எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். மலையகத்திலிருந்து பூக்கடைக்கு வரும் நீண்ட தண்டு ரோசாக்கள் அழகுக்காக வளர்க்கப்படுபவை. பூச்சிமருந்து பட்டிருக்கக்கூடியவை, மணமும் குறைந்தவை. அவற்றை வாய்க்குள் போகும் எதற்கும் எடுக்கக்கூடாது. டமாஸ்கஸ் ரோசாவின் வழிவந்த, மணமுள்ள பன்னீர் ரோசாவே உகந்தது. அதுவும் மருந்தடிக்காத செடியாக இருக்க வேண்டும்.

ஆகாதவர்களும் உண்டு. குல்கந்தில் பாதிக்கு மேல் சீனியே என்பதால் நீரிழிவு உள்ளவர்களுக்கு அது மருந்தாகாது. பனங்கற்கண்டில் செய்தாலும் அதே கதைதான். சளி, இருமல், மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு ரோசாவின் குளிர்ச்சி கபத்தைக் கூட்டும் என்பது கோட்பாடு. கர்ப்பிணிகளும், வேறு மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்பவர்களும் வைத்தியரைக் கேட்ட பின்பே எடுக்க வேண்டும். இவற்றைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. வயலில் வேலை செய்பவருக்குக் காய்ச்சலோடு உடல்வலியும் கண்சிவப்பும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படும் வவுனியா போன்ற இடங்களில் சலத்தில் ஏற்படும் மாற்றத்தையும் சூடு என்று சொல்லிக் கடந்துவிடக்கூடாது. நெஞ்செரிவென்று நினைப்பது மாரடைப்பாகவும் இருக்கக்கூடும். இவற்றுக்கெல்லாம் முதலில் இரத்தப் பரிசோதனையும் ஆஸ்பத்திரியும், பின்புதான் குல்கந்து.

பருவத்தைப் பற்றி ஒரு சொல். பித்தம் சீறியெழும் காலம் ஐப்பசி, கார்த்திகை என்று வடமொழி நூல்கள் வகுக்கின்றன. மழை ஓய்ந்து வெயில் மீண்டும் காயும் வட இந்தியப் பருவத்தை வைத்து எழுதிய கணக்கு அது. வன்னியில் அம்மாதங்களில்தான் மழை தொடங்கிக் குளங்கள் நிரம்புகின்றன; தடிமனும் சளியும் வீட்டுக்கு வீடு வருகின்றன. ஆகவே நூலிலுள்ள மாதத்தை அப்படியே பிடித்துக்கொள்ளாமல் நம் வெயிலைப் பார்த்தே நடக்க வேண்டும். பங்குனி முதல் ஆவணி வரை ஒரு தேக்கரண்டி குல்கந்து போதும். முதல் மழைக்குக் கிணற்றடி சேறாகத் தொடங்கியதும் குல்கந்துப் போத்தலை இறுக மூடி மேல்தட்டில் வைத்துவிட்டு, வேர்க்கொம்பை இறக்கிக்கொள்ளலாம்.